கப்பியில் தொங்கிய என் கால்

இதை எழுதச் சொன்னது எங்கள் பங்குக் கோவில் ஃபாதர்தான். "ஆஸ்பத்திரியில் நீ பட்டதை எழுதிக் கொடு சவரிமுத்து, படுத்திருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்கு வந்து மனைவி ரெஜினாவிடம் சொன்னேன். "நீ அங்க பண்ண கூத்த எழுதினா, படுத்துகினு இருக்கிறவன் சிரிச்சே எழுந்து உக்காந்துடுவான், எழுதுய்யா" என்றாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் கலாசி. கப்பலில் சரக்கு தூக்கும் மரங்களுக்குக் கயிறு பூட்டுவது, அந்தக் கயிறு ஓடுகிற கப்பிகளை மாட்டுவது, உச்சி வரை ஏறி அவற்றுக்கு எண்ணெய் போடுவது எல்லாம் கலாசியின் வேலை. ஏறத் தெரியாதவன் கலாசி இல்லை. பதினெட்டு வயதில் ஏற ஆரம்பித்தவன், முப்பத்து நான்கு வயது வரை ஏறிக்கொண்டே இருந்தேன். ராயபுரத்தில் எங்கள் கோவில் தேருக்கு வடம் பூட்டுவதும் எங்கள் கூட்டம்தான். இந்தக் கொஞ்சம் பெருமையைச் சொல்லாவிட்டால் பிறகு நான் செய்த முட்டாள்தனம் உங்களுக்கு விளங்காது.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். வலது முழங்காலில் வலி வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் நொண்ட ஆரம்பித்தேன். கொருக்குப்பேட்டையில் எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஒருவரிடம் போனேன். அவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்து முழங்காலைச் சுற்றிக் கட்டினார். மூன்று வாரம் என் கால் ஒரு வடை மாதிரி இருந்தது. வலி மட்டும் வெள்ளைக்கருவுக்கு மசியவில்லை. ஒருநாள் ஏணியில் நாலு படி ஏறியதும் கால் மேலே வர மறுத்துவிட்டது. கீழே நின்ற கபிரியேல், என் கூட்டாளி, என்னைத் தோளில் தாங்கி இறக்கினான்.

"மாமு, இது சுளுக்கு இல்ல. ஒயுங்கா ஆஸ்பத்திரிக்குப் போ" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியின் வெளி நோயாளிகள் வரிசையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நீளமான பெஞ்சு. முன்னால் இருப்பவர் எழுந்து உள்ளே போனால் எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். எலும்பு நோய்க்காரர்களை இப்படி நகரவைக்க யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் பெஞ்சு முழுக்க "அம்மா", "முருகா", "அல்லா", "மாதாவே" என்று சத்தம் வரும். ரெஜினா என் பக்கத்தில் தூக்கு வாளியை மடியில் வைத்துக்கொண்டு செபமாலை உருட்டினாள். மாலையின் ஐம்பத்து மூன்று மணிகளுக்கும் அருள் நிறைந்த மந்திரம் சொல்லி இரண்டு தடவை முடித்த பிறகுதான் எங்கள் முறை வந்தது.

இளவயது டாக்டர். முழங்காலைத் தொடவே இல்லை. என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையைப் பக்கவாட்டில் திருப்பினார். நான் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வலி முழங்காலில் தெரியும், நோய் இடுப்பு மூட்டில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே நரம்பு வழி" என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு அடியில் படிகிறது என்று பார்த்தார்கள். வேகமாகப் படிந்தால் உடம்புக்குள் ஏதோ புகைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். என் ரத்தம் கல்லைக் கட்டிவிட்டதுபோல் இறங்கியது. முன்கையில் ஒரு ஊசி குத்தினார்கள். மூன்றாம் நாள் அந்த இடம் அரைநெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது.

"டி.பி." என்றார் டாக்டர். "நுரையீரலில் இல்லை. இடுப்பு எலும்பில்."

எங்கள் தெருவில் அந்த இரண்டு எழுத்தை யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். அந்த நோய் வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். ரெஜினாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவள்தான் கேட்டாள்.

"எங்க பொண்ணுக்கு ஒட்டிக்குமா டாக்டரு? எட்டு வயசு ஆவுது."

"இவர் சளியில் கிருமி இல்லை. அதனால் ஒட்டாது. நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், தொடலாம், சாப்பாடு ஊட்டலாம்."

"ஊட்டுற அளவுக்குல்லாம் அவுரு நல்லவரு இல்ல டாக்டரு" என்றாள் ரெஜினா. பயத்தில் இருக்கும்போதுதான் அவளுக்கு இப்படி வாய் வரும். டாக்டர் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. "ஏற முடியுமா?" என்று கேட்டேன். மூட்டு கெட்டுப்போவதற்கு முன் நோய் அடங்கினால் கால் மடங்கும், ஏறலாம். அதற்குள் மூட்டு கெட்டால் எலும்பும் எலும்பும் ஒட்டிக்கொள்ளும், நடக்கலாம், மடக்க முடியாது என்றார். எது நடக்கும் என்று தெரிய நாலைந்து மாதம் ஆகும்.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். இனி என் கட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலின் இரண்டு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டி, அதன் நுனியில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பியில் அதை ஓடவிட்டு, கீழே மணல் பை தொங்கவிட்டார்கள். இழுவைக் கட்டு என்று பெயர். மூட்டில் எலும்பும் எலும்பும் உரசாமல் கொஞ்சம் விலகி நிற்க வேண்டும், சதை முறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக இது. எத்தனையோ டன் சரக்கைத் தொங்கவிட்ட என்னை ஒரு மணல் பையில் தொங்கவிட்டுவிட்டார்கள். முதல் வாரம் பார்க்க வந்த எங்கள் கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்று, என் காலைப் பார்க்காமல் கப்பியைத்தான் பார்த்தது. எண்ணெய் போடவில்லை என்று கபிரியேல் குறை சொன்னான்.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. போட்டதும் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதோடு பெரிய பெரிய மாத்திரைகள், கைநிறைய. வயிற்றைப் புரட்டும். ரெஜினா செய்கிற நெத்திலிக் குழம்பே பிடிக்காமல் போனது என்றால் மற்றதை நீங்களே புரிந்துகொள்ளலாம். அவளோ ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து தினமும் ஏதாவது கொண்டுவருவாள். கஞ்சியில் சுக்கு போட்டு, துவையலில் புளியைக் குறைத்து, எது என் வயிற்றில் நிற்கிறது என்று சோதனை செய்துகொண்டே இருந்தாள். கடைசியில் நின்றது பொட்டுக்கடலை மாவும் வெல்லமும். அதை உருண்டை பிடித்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவாள்.

பக்கத்துக் கட்டிலில் முனிரத்தினம். வியாசர்பாடிக்காரர், மில்லில் தறி ஓட்டியவர். அவருக்கு அதே நோய் முதுகெலும்பில். உடம்புக்கு அளவெடுத்துச் செய்த மாவுக்கட்டுத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். நான் வருவதற்கு முன்பே ஐந்து மாதமாக அவர் பார்த்தது மேல் கூரை மட்டும். சாமி கும்பிடாதவர். ரெஜினா என் கட்டிலருகே முழங்காலில் நின்று செபம் சொன்னால், "அண்ணி, அப்டியே நம்ம பேரையும் சேத்துக்கோ. இருந்தா கேக்கட்டும், இல்லாட்டி காத்துல போவட்டும்" என்பார். ரெஜினாவும் சேர்த்துக்கொண்டாள்.

நான் செபித்தேனா என்றால், பேரம் பேசினேன். "மாதாவே, உன் தேருக்கு எத்தனை வருஷம் வடம் பூட்டியிருக்கிறேன், என் காலுக்கு ஒரு வழி பண்ணு" என்பேன். பதில் இல்லை என்றால் கோபம் வரும். என்னை எதற்கு இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாய், யாருக்கு என்ன லாபம் என்று கேட்பேன். அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் தப்பென்று நினைக்கவில்லை. பெற்ற தாயிடம் கேட்காததா.

ஆறாவது வாரம் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. துறைமுகத்தில் கப்பல் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் என்ன செய்வோம்? ஒரு தூக்குக்கு அதிக மூட்டை வைப்போம். இந்த மணல் பை நாலு மாதத்தில் செய்கிற வேலையை, இரண்டு மடங்கு எடை இரண்டு மாதத்தில் செய்யாதா? கணக்கு எனக்கு அவ்வளவு சரியாகப் பட்டது. கபிரியேலிடம் சொன்னேன். அவனும் கலாசி ஆயிற்றே, அவனுக்கும் சரியாகவே பட்டது. மறுநாள் ஆரஞ்சுப் பழப் பைக்கு அடியில், கயிறு பூட்டும் இரும்பு வளையங்கள் மூன்றைக் கொண்டுவந்தான். மணல் பைக்குள் போட்டு, மேலே மணலைத் தடவி மூடிவிட்டோம். கயிறு விறைத்து நின்றதைப் பார்த்து இருவருக்கும் பரம திருப்தி.

"இன்னாடா பண்றீங்கோ அங்க? இரும்பு சத்தம் கேக்குது" என்றார் முனிரத்தினம், கூரையைப் பார்த்தபடி.

"ஒண்ணும் இல்ல, ஆரஞ்சு" என்றேன்.

இரண்டாம் நாள் காலையில் காய்ச்சல். பிளாஸ்திரி ஒட்டியிருந்த தோல் உரிந்து கொப்புளம். தொடைச் சதை முறுக்கிக்கொண்டு வலி உயிர் போனது. வார்டு சிஸ்டர் மேரிக்குட்டி, கோட்டயத்துக்காரர், பையைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. மணலைக் கொட்டினார். மூன்று வளையங்களும் தரையில் உருண்டன.

"இது எந்தா?" என்றார். பிறகு எனக்காகத் தமிழில் கேட்டார். "இது என்ன?"

நான் கணக்கை விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது எவ்வளவு மட்டமான கணக்கு என்று தெரிந்தது. பெரிய டாக்டர் வந்தார். தோல் ஆறும் வரை இழுவைக் கட்டை எடுத்துவிட வேண்டும், இரண்டு வாரம் வீண், அதற்குள் மூட்டு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றார். அவர் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். ரெஜினா அன்று வந்ததும் உட்காரவில்லை. உருண்டை டப்பாவை வைத்துவிட்டு, என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் போர்வைக்குள் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் மேரிக்குட்டி என் கட்டில் முன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "சவரிமுத்து, நிங்களுக்குக் கயிறு எல்லாம் நல்லா அறியும் அல்லே? அப்போ சொல்லு, ஏழாம் கட்டில் பை ஏன் தினமும் கீழே விழுது?"

தண்டனை என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். வார்டு முழுக்க ஒன்பது இழுவைக் கட்டு. ஒன்பதிலும் செருப்பு வார் கட்டுவதுபோல் ஒரு முடிச்சு. பை ஆடினால் நழுவும். கயிறு கட்டில் சட்டத்தில் உரசி நார் கிளம்பியிருந்தது. ஒன்பது பேர் தினமும் "பை விழுமோ" என்ற பயத்தோடு படுத்திருந்திருக்கிறார்கள். நான் ஆறு வாரம் என் கயிற்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பலைக் கரையில் கட்டுகிற கட்டு ஒன்று உண்டு. எவ்வளவு இழுத்தாலும் நழுவாது, அவிழ்க்க நினைத்தால் உடனே அவிழும். அதை வார்டு ஊழியர் இருவருக்கும் படுத்தபடியே கற்றுக்கொடுத்தேன். ஒருவர் என் கட்டைவிரலில் கட்டிப் பழகினார். எடையில் கை வைக்கவே கூடாது, முடிச்சும் கப்பியும் மட்டும் என் பொறுப்பு என்று டாக்டர் உத்தரவு. கபிரியேல் எண்ணெய்க் குப்பியோடு வந்தான். சிஸ்டர் அவன் பையைக் கொட்டிச் சோதித்த பிறகே உள்ளே விட்டார். அதற்குப் பிறகு அந்த வார்டில் ஒரு பையும் விழவில்லை. கையால் பிடித்து எழும்ப ஒருவருக்குக் கயிறு, தண்ணீர்ச் செம்பு எட்டாத ஒருவருக்கு இழுத்தால் வருகிற தட்டு என்று வேலை பெருகியது. நான் கட்டிலில் படுத்துக்கொண்டே கூப்பாடு போடுவேன், கபிரியேல் கட்டுவான்.

முனிரத்தினத்துக்கு ஒரு கண்ணாடி. முகம் சவரம் செய்கிற கண்ணாடிதான். அவர் தலைக்கு மேல் கம்பியில் தொங்கவிட்டு, கயிறு இழுத்தால் சாய்கிற மாதிரி பூட்டினோம். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் முதலில் பார்த்தது என்னைத்தான்.

"இந்த மூஞ்சிக்கா மாமு இத்தினி நாள் பேச்சு குடுத்துகினு இருந்தேன்?" என்றார். வார்டே சிரித்தது.

அன்று மாலை பார்வையாளர் நேரம். அவர் மனைவி கன்னியம்மா வழக்கம்போல் சிரித்த முகத்தோடு வந்து, அவர் மேல் குனிந்து பேசிவிட்டுப் போனாள். போன பிறகும் முனிரத்தினம் கண்ணாடியை வாசல் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்தார். நான் கேட்டதும் சொன்னார்.

"வாசலாண்டயே நின்னுகினு அழுதா மாமு. கண்ணாடில தெரிஞ்சுது. மூஞ்சிய முந்தானையில தொடச்சிகினு, அப்பால சிரிச்சிகினே உள்ள வந்தா. ஏழு மாசமா டெய்லி இப்டித்தான் வந்துகினு இருந்திருக்கா. நான், இவளுக்கு இன்னா, ஜாலியா கீறான்னு நெனச்சிகினு இருந்தேன்."

கண்ணாடியைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"கயட்டினே, கொன்னுடுவேன்" என்றார். மறுநாளிலிருந்து அவள் வாசலுக்கு வரும்போதே "கன்னிம்மா, வா வா, பாத்துட்டேன்" என்று கத்துவார். அவளுக்கு அங்கே நின்று அழ நேரமே கிடைக்கவில்லை.

அந்த வாரம் என் செபம் கொஞ்சம் மாறியது. கால் கால் என்று கேட்பது குறைந்து, ஏழாம் கட்டில், மூன்றாம் கட்டில் என்று பெயர் சொல்ல ஆரம்பித்தேன். பேரம் அடியோடு நின்றது என்று சொன்னால் பொய். இடையில் ஒரு வார்த்தை என் காலையும் சொருகிவிடுவேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் எக்ஸ்ரே. பெரிய டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நோய் அடங்கிவிட்டது. மூட்டு ஒட்டிவிட்டது. கால் ஒரு அங்குலம் குட்டை.

"நடப்பீர்கள். நன்றாகவே நடப்பீர்கள். ஆனால் ஏற முடியாது."

"அந்த இரும்பாலயா டாக்டர்?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "அது இல்லாமலும் இப்படி ஆகியிருக்கலாம். எனக்குத் தெரியாது, சவரிமுத்து." அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அன்று மட்டும் அவர் ஏதாவது பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

வீடு திரும்பியதும் துறைமுகத்தில் கயிறு பழுதுபார்க்கும் கொட்டகையில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் கோவிலுக்குப் போகவில்லை. எனக்கு முழங்கால் போட வராது. பூசையில் அப்பத்தையும் பிறகு கிண்ணத்தையும் ஃபாதர் உயர்த்தும்போது அடிக்கும் எழுந்தேற்ற மணிக்கு அத்தனை பேரும் முழந்தாளிட, நான் மட்டும் நட்டுவைத்ததுபோல் நிற்க வேண்டும். தேருக்கு வடம் பூட்டியவன் நொண்டியாக நிற்பதை ஊர் பார்க்க வேண்டுமா? ஒரு வாரம் வலி என்றேன், ஒரு வாரம் மழை என்றேன். ஆறு ஞாயிறு போனது. ஏழாவது ஞாயிறு ரெஜினா என் வேட்டியைத் துவைத்து மடித்து மடியில் போட்டாள்.

"மாதாகிட்ட சண்ட போடணும்னாலும் அங்க போய்ப் போடு. வூட்ல குந்திகினு மூஞ்ச தூக்கி வச்சிக்காத."

போனேன். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த புதிது. ஆண்கள் பக்கம் சுவரை ஒட்டி நின்றுகொண்டேன். மணி அடித்தது. சலசலவென்று கோவில் முழுக்க முழந்தாளிட்டது. நான் நின்றேன். காது சுட்டது. தலை குனிந்த கூட்டத்தில் ரெஜினாவின் முக்காடு தெரிந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பின்னால் திரும்பினேன்.

கடைசியில், வாசல் தூணுக்குப் பக்கத்தில், இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைக்குள் கழுத்து வரை மாவுக்கட்டு. திரும்பவும் முடியாமல், குனியவும் முடியாமல், விறைத்த உடம்போடு, தன்னைச் சுற்றி எல்லோரும் ஏன் திடீரென்று கீழே போனார்கள் என்று கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தார். முனிரத்தினம். முதல் தடவையாக ஒரு கோவிலுக்குள்.

நான் முழந்தாளிட்டிருந்தால் அவரைப் பார்த்திருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு, கால் இழுக்க இழுக்க, அத்தனை பேர் முதுகையும் தாண்டிப் பின்னால் நடந்தேன். என் செருப்பில்லாத கால் தரையில் தேய்ந்த சத்தம் கோவில் முழுக்கக் கேட்டது. எனக்கு வெட்கமாக இல்லை. போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"உன் வூட்டாண்ட போனேன். நீ கோயில்ல கீறேன்னாங்கோ" என்றார் வாய்க்குள். "இன்னா மாமு, எல்லாரும் குந்திட்டாங்கோ. நம்மள ஒத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"சொல்ல மாட்டாங்கோ. சொம்மா நில்லு" என்றேன்.

இரண்டாவது மணி அடிக்கும் வரை நாங்கள் இருவரும் தோளோடு தோள் நின்றோம்.